பார்க்காமல் போட்ட பதினோரு டிட்டோ

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஆண்டு மலருக்கு "ஐயா, உங்க சாதனைகளைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க" என்று கேட்டு, வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மை வேறு போட்டிருந்தீர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். சாதனை என்று ஒன்றும் அகப்படவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் என்னத்தைச் சாதிப்பான்? ரத்தம் எடுத்தேன், சளி பார்த்தேன், சம்பளம் வாங்கினேன். ஆனால் ஒரு தப்பு அகப்பட்டது. அது நேற்று நடந்த மாதிரி பத்திரமாக இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன். போடுவதும் கிழித்து எறிவதும் உங்கள் இஷ்டம்.

சாயம் எப்படிப் போடுவது, எத்தனை நிமிஷம் வைப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் போட்டிருக்கும் அந்த ஸ்டூலைப் பற்றி. அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் எப்போது எழுந்து போனான் என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்திருப்பவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆயிற்று.

நான் கடைசியாக வேலை பார்த்த இடம் மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன சுகாதார நிலையம். ஊர் பேர் வேண்டாம். கடற்கரைச் சாலை நெடுக ஓட்டலும் அடுக்குமாடியும் எழும்பிக்கொண்டிருந்த சமயம். வடக்கேயிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கட்டட வேலைக்கு வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். எந்தக் கொட்டகையிலாவது காய்ச்சல் என்றால் எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் போய், ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் தடவி, நூல் கட்டிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார். மலேரியா இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்லைடில் நூறு இடம் நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பது விதி.

நூறு இடம்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருநூறு பார்ப்பேன். விதிக்காக அல்ல, ஆசைக்காக. பயிற்சியில் முதல் தடவை என் விரலைக் குத்தி என் ரத்தத்தையே பார்த்த அன்று, வெளியே ஓடிவந்து முன்பின் தெரியாத ஒரு வாட்ச்மேனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கல்யாணம் ஆன பிறகு அந்த வாட்ச்மேன் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்ததும், "சொல்லுங்க, இன்னிக்கு இன்னா பாத்தீங்க?" என்பாள். நானும் ஒரு யானைக்கால் புழு எப்படி நெளிந்தது என்று காபி ஆறும்வரை சொல்வேன். மிக்ஸரைக் கொறித்துக்கொண்டே புழுக் கதை கேட்ட பொம்பளை செங்கல்பட்டு ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கதைதான் வீட்டில் பேச்சுச் சத்தம்.

அவள் இறந்துபோன பிறகு வீட்டில் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாதபோது பார்க்கவும் தோன்றவில்லை. இதை நான் சோகமாகக்கூட உணரவில்லை. ஒரு நாள் நூறு இடம் அறுபது ஆனது. அப்புறம் முப்பது. அப்புறம் கண் பாட்டுக்கு லென்ஸில் இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். கண்ணை லென்ஸில் வைத்தபடியே தூங்கவும் பழகிவிட்டேன். பின்னாலிருந்து பார்ப்பவர்கள், சார் எவ்வளவு சிரத்தையாக வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுவார்கள், நான் திறந்த கண்ணோடு சுற்றினேன்.

அப்போதுதான் அந்தக் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. உங்களில் சிலருக்கு இந்நேரம் இருக்கலாம், அதனால் உடைத்தே சொல்கிறேன். ரிஜிஸ்டரில் முதல் வரியில் 'நெகட்டிவ்' என்று எழுதுவது, கீழே மடமடவென்று, மேற்படியே என்று டிட்டோக் குறி போட்டுக்கொண்டே இறங்குவது. ஸ்லைடை அப்புறம் பார்ப்பது. ஏதாவது அகப்பட்டால் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். வருஷக்கணக்காக அகப்படவில்லை. அகப்படாததால் 'அப்புறம்' என்பது 'நாளைக்கு' ஆனது.

அது ஐப்பசி மாசம், நல்ல மழை. ஒரு நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் திருவிடந்தைப் பக்கத்துக் கட்டட வேலை இடத்திலிருந்து பன்னிரண்டு ஸ்லைடு கொண்டுவந்தார். மைக்ரோஸ்கோப் இல்லாமலே மலேரியா சட்டென்று தெரிகிற கிட் தீர்ந்துபோயிருந்தது, புதுசு இன்னும் வரவில்லை. நாலரை மணிக்கு அவரே போன் செய்தார்.

"அண்ணாத்த, இன்னா ஆச்சு? டாக்டரம்மாவுக்கு நாளிக்குக் காலையில செங்கல்பட்டுல மீட்டிங்கு. ரிப்போர்ட்டு கேட்டுகினே கீறாங்க."

நான் அப்போது முதல் ஸ்லைடை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதில் ஒன்றும் இல்லை. "எல்லாம் நெகட்டிவ்ப்பா, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, பதினோரு டிட்டோ போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த மாதிரி என்பார்களே, என் கோலத்தில் அள்ளித் தெளிக்க மாவுகூட இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணி. மழையால் நோயாளிகள் வரவில்லை. டாக்டரம்மா மீட்டிங்குக்குப் போய்விட்டார். பாக்கிப் பதினொன்றையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், வழக்கம்போல லென்ஸில் கண்ணை வைத்துக் கண்ணயர்ந்துவிட்டேன். எங்கள் நிலையத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். அவர் பேரை எழுத மாட்டேன், எழுதினால் சண்டைக்கு வருவார். ஆயாம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வயது என்னைவிட ஏழெட்டுக் குறைச்சல். ஒன்பது வருஷமாக அந்த அறையைத் துடைக்கிறார். 'தள்ளிக்க சார்', 'காலைத் தூக்கு சார்' தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

திடுக்கிட்டு விழித்தேன். "இன்னா?"

"ஒம்போது வருசமா அதுல கண்ணை வச்சுகினு கீற. அப்புடி இன்னாதான் சார் பாக்குற?"

எனக்கு எரிச்சல். "ஒண்ணும் இல்ல ஆயாம்மா. நீ வேலையப் பாரு."

"ஒண்ணும் இல்லாததையா ஒம்போது வருசமா பாத்துகினு கீற?"

கிண்டலாகக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வாயை அடைப்பதற்காக, தட்டிலிருந்து கைக்கு வந்த ஸ்லைடு ஒன்றை எடுத்து, ரத்தம் மெல்லிசாகத் தடவிய பக்கமாக வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "உக்காந்து பாரு" என்று எழுந்துகொண்டேன். அந்த ஸ்டூலில் அவர் அதுவரை உட்கார்ந்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்தார். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு ஒன்றைத் திறந்தார்.

"ஐய!"

"தெரியுதா?"

"ஐயய்ய... சார்! அப்பளம் அப்பளமா கீது சார். ரோசு கலர்ல. எவ்ளோ அப்பளம்!"

"அதான் ரத்தம். சிவப்பு அணு."

"இது ரத்தமா? ரத்தம்னா தண்ணியாட்டம் ஓடும்னு நெனச்சுகினு கீறேன். உள்ள இப்புடியா கீது?" ஒரு கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், நான் போய்விடுவேன் என்று பயந்த மாதிரி. "நடுல ஒண்ணு பெருசா ஊதாவா கீதே, அது யாரு?"

"அது வெள்ளை அணு. காவக்காரன்."

"காவக்காரனா! ஒருத்தனுக்கு எத்தினி அப்பளத்தைக் காவல் வைக்கிறாங்க, பாவம்."

பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகினால் காட்சி நகரும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான், மனுஷி எழுந்திருக்கவே இல்லை. துடைப்பம் ஒரு மூலையில், தண்ணீர் வாளி வாசற்படியில். நகர்த்துவார், சிரிப்பார், தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வார். ஜன்னலோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதே ஸ்டூல், இதே லென்ஸ், இதே அழுக்குச் சுவர். எனக்குக் கிடைக்காதது அவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று கோபம்கூட வந்தது.

"சார், இங்க வா. இத்தப் பாரு."

"இன்னா?"

"ஒரு அப்பளம் மட்டும் மோதிரம் போட்டுகினு கீது."

"சாயத் திப்பி ஒட்டியிருக்கும்."

"இல்ல சார். கல்லு வச்ச மோதிரம். வளையம் நீலமா கீது, கல்லு செவப்பா கீது. இதோ, இன்னொண்ணு. இதுல ரெண்டு கல்லு."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்பு அணுவுக்குள் நீல வளையமும் அதில் சிவப்புப் புள்ளியும் இருந்தால் அது மலேரியாக் கிருமி. மெல்லிய வளையத்தில் இரண்டு புள்ளி என்றால் அதிலேயே கொடிய வகை, மூளைக்கு ஏறினால் ஆளைக் கொன்றுவிடும். ஆயாம்மாவைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டுக் கண்ணை வைத்தேன். நகர்த்திய இடத்திலெல்லாம் மோதிரம். ஒன்றிரண்டு அல்ல. தூங்காமல் பார்த்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

ஸ்லைடின் எண்ணை ரிஜிஸ்டரில் தேடினேன். ஏழாவது வரி. சுக்ரா, ஆண், முப்பத்தொன்று. நேரே என் கையால் போட்ட டிட்டோ.

மேஸ்திரி நம்பரைக் கண்டுபிடித்துப் போன் செய்தேன். "அவனா? காலையிலயே கெளம்பிட்டானே சார். ரெண்டு நாளா ஒடம்பு சுகமில்ல, ஊருக்குப் போறேன்னான். ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க, அதான் நானும் சரி போன்னு வுட்டுட்டேன். செங்கல்பட்டாண்ட அவங்க ஊராளுங்க ரெண்டு பேரு வேலை செய்றாங்க, அவங்களோட சேர்ந்து மத்தியானம் டேசன்ல லோக்கல் வண்டி ஏறி மெட்ராஸு, அங்கேந்து பெரிய வண்டி" என்றார். சுக்ராவின் நம்பரைக் கொடுத்தார். போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போட்டேன். மீட்டிங்கில் எடுக்கவில்லை.

இப்போது வருவதுதான் நான் எழுத வந்த இடம். மணி பதினொன்றரை இருக்கும். அறையில் நானும் ஆயாம்மாவும் மட்டும். அவருக்குத் தான் பார்த்தது என்னவென்று தெரியாது. ரிஜிஸ்டரில் நெகட்டிவ் இருக்கிறது. அந்தக் கண்ணாடி என் கையில் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் போட்டால் ஒரு நொடியில் உடையும். ஆள் இன்றைக்கு ரயில் ஏறுகிறான், எந்த ஊரோ, எந்த ஆஸ்பத்திரியோ, யார் தேடிக்கொண்டு வரப்போகிறார்கள்? ஓய்வு பெற எனக்கு இரண்டே வருஷம் பாக்கி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும் பிள்ளைகளே. ஒரு சொட்டு ரத்தத்தை ரொம்ப எளிதாக மறைக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததா என்று கேட்டால், வந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

"சார், அந்த மோதிரக்காரரு யாரு சார்?" என்றார் ஆயாம்மா.

"சுக்ரான்னு ஒருத்தரு. கட்டட வேலை."

"ஓ." துடைப்பத்தைக் கையில் எடுத்தார். "தனக்குள்ள இம்மாம் கீதுன்னு அவருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். பெரியவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். 'உனக்கு ஏதும் பிரச்சினையா சார்', 'மேலே தெரிஞ்சா இன்னா ஆவும்' என்றுதான் கேட்பார்கள். இவர் ஒரு அதிசயத்தைப் பார்த்துவிட்டார், அதற்குச் சொந்தக்காரன் அதைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஆதங்கம். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் கண்ணாடியைக் கீழே போட முடியவில்லை.

லென்ஸ்மேல் செல்போனை வைத்து இரண்டு படம் எடுத்தேன். நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டரம்மாவை விடாமல் கூப்பிடச் சொன்னேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நான்கு தடவை சுக்ராவின் நம்பருக்குப் போட்டேன். அதே பெண் குரல் அதே இந்தியில் எதையோ சொன்னது.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்து படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆளை எனக்குத் தெரியாது. அவர் ரத்தத்தைத் தெரியும், முகம் தெரியாது. இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் ரத்தம் என் மேஜையில் கிடந்திருக்கும். முகத்தை வைத்து ஒரு பத்துப் பேரைக்கூட அடையாளம் சொல்ல முடியாதவனாக அந்தப் படியில் நின்றேன். அந்த மாதிரித் தனிமையை நான் என் மனைவியைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய அன்றுகூட உணரவில்லை.

பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து இருந்தார்கள். முதலில் அரக்கப் பரக்க ஓடினேன். ஓடினால் யாருமே தெரியவில்லை. எல்லாம் ஒரே முகமாக இருந்தது. பிறகு நின்றேன். ஆயாம்மா குமிழைத் திருகியது நினைவுக்கு வந்தது. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக, நின்று, முகத்தைப் பார்த்து.

மூக்குத்தியில் மழைத்துளி நின்ற ஒரு அம்மா. கைத்தடியை ரயில்வே கம்பத்தில் தட்டித் தட்டி ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். தூங்கும் பெண்ணின் தலை சாய்ந்துவிடாமல் தோளை அசைக்காது உட்கார்ந்திருந்த புருஷன். பூக்காரி ஒருத்தி, விரல் பாட்டுக்குத் தொடுக்க, கண் பாட்டுக்கு ஏரிப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த பதற்றத்தில் இதெல்லாம் எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்காதீர்கள். பதற்றத்தில்தான் பட்டது. ஒருவரை விட்டாலும் அந்த ஒருவராக இருக்கலாம் என்றால் கண் தன்னால் விழித்துக்கொள்கிறது. ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் மனுஷர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் வேறாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசிக் கூரைக்கும் அப்பால், மூட்டையோடு மூட்டையாக ஒருவர் குந்தியிருந்தார். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். கம்பளி நடுங்கியது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள்.

"சுக்ரா?"

கம்பளி திறந்தது. ஒட்டிய கன்னம், மேல் உதட்டில் ஒரு பழைய தழும்பு, மஞ்சள் ஏறிய கண். இதுதான் அந்த முகம்.

என் இந்தி டெலிவிஷன் விளம்பரம் அளவுக்குத்தான். காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கூட இருந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. அவர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ரிப்போர்ட் ஓகே. மேஸ்திரி சொல்றான், ஓகே."

"ஓகே இல்ல."

"யார் சொல்றான் ஓகே?"

"நான்தான் சொன்னேன். பாக்காம சொன்னேன். தப்பு. மேரா தப்பு."

அவர் நம்பவில்லை. முன்பின் தெரியாதவன் மழையில் நனைந்து வந்து, ஊருக்குப் போகிறவனைப் போகாதே என்றால் யார் நம்புவார்கள்? தூரத்தில் லோக்கல் வண்டியின் ஹாரன் கேட்டது. செல்போனை எடுத்தேன். படத்தைச் சுக்ராவின் முகத்துக்கு நேரே பிடித்து, அவர் விரலில் இன்ஸ்பெக்டர் குத்திய இடத்தைத் தொட்டு, திரையைத் தொட்டுக் காட்டினேன். இது நீ, இது உன்னுடையது.

நடுக்கத்தோடு குனிந்து பார்த்தார். விரலால் ஒரு வளையத்தைத் தொட்டார். படம் பெரிதானது. பயந்து விரலை எடுத்துக்கொண்டார். பிறகு தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். நண்பரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னா சொல்றாரு?"

"இது எல்லாம் அவன் உள்ளே இருக்கா, கேக்கறான்."

"ஆமா. உள்ளே."

வண்டி வந்தது, நின்றது, போனது. மூன்று பேரும் ஏறவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுக்ரா என் தோளில் சாய்ந்திருந்தார். காய்ச்சல் என் சட்டையைத் தாண்டிச் சுட்டது. பெரிய வண்டியில் இரண்டு நாள் போயிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தார். ஆறாவது நாள் சுக்ரா எழுந்து நடந்தார். பத்தாவது நாள் ஊருக்குப் போனார்.

டாக்டரம்மாவிடம் அன்றைக்கே ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் நீட்டினேன். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயசு இருக்கும் அவருக்கு. ஒவ்வொரு டிட்டோவாக விரல் வைத்துக்கொண்டே வந்து, "இதில் எத்தனை சார் நிஜம்?" என்று மட்டும் கேட்டார். விளக்கக் கடிதம் எழுதினேன், எச்சரிக்கை மெமோ வாங்கினேன். அது எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கேள்வி வலித்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா" என்று சத்தமாகவே ஆரம்பித்துவிட்டேன். சமையலறை வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்து ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஒழுங்காக அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு ஆயாம்மா வருவார். வாளியை வைத்துவிட்டு, "இன்னிக்கு இன்னா சார் கீது?" என்பார். அவருக்குக் காட்டுவதற்காகவே நூறு இடமும் பார்க்க ஆரம்பித்தேன். உங்களுக்கு நான் சொல்லும் புத்தி இவ்வளவுதான்: பார்த்ததை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருங்கள். சின்னப் பிள்ளைகள் ஒரு நத்தையைப் பார்த்தால் தனியாகவா பார்க்கின்றன? யார் கையையாவது பிடித்து இழுக்கின்றன. இழுக்கக் கை இல்லாதபோது நமக்குக் கண் அவிந்துவிடுகிறது. நான் இப்போது செங்கல்பட்டில் ஏரிப் பக்கமாகக் காலையில் நடக்கிறேன். மீன்கொத்தி ஒன்று தலைகீழாகப் பாய்ந்து மீனோடு மேலே வந்தால், "ஐய, இத்தப் பாரு!" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே வாக்கிங் வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறார்கள். போகட்டும்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் நான் ஏதோ உயிர் காத்த கதை சொன்னதாக நினைத்துக்கொள்வீர்கள்.

மீதிப் பத்து ஸ்லைடையும் அன்றைக்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெட்டியில் இருந்த முந்தின இரண்டு வாரத்து ஸ்லைடுகளையும் மூன்று நாள் உட்கார்ந்து, நூறு நூறு இடமாகப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை. அதற்கு முந்தியவை பெட்டியில் இல்லை. நெகட்டிவ் என்று எழுதிய கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, திரும்பவும் பயன்படுத்துவது எங்கள் நிலையத்து வழக்கம். கழுவுவது ஆயாம்மாதான்.

அந்த வாரக் கடைசியில், முன்பே ஊறப்போட்டிருந்த பழைய கண்ணாடிகளைக் கழுவி ஒரு தட்டு நிறைய ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தார். மழை விட்டு வெயில் அடித்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சார், இதுல யாரு இருந்தாங்க?"

"தெரியல ஆயாம்மா."

"மோதிரம் இருந்துச்சா?"

"தெரியாது."

"ஏன், நீ பாக்கலியா?"

"பாக்கல."

அந்தத் தட்டில் எண்பது தொண்ணூறு கண்ணாடி இருக்கும். எல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. ஆறு வருஷத்தில் அந்த மாதிரி எத்தனை தட்டு கழுவியிருப்பார் என்று அவருக்கும் கணக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயாம்மா என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த கண்ணாடியை முந்தானையில் இன்னொரு தடவை மெதுவாகத் துடைத்து, மற்றதோடு அடுக்கினார்.

"சரி வுடு. நாளிக்கு வர்றவங்களையாச்சும் பாரு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.